புதுக் கடல்நீர்த் தொட்டி கலங்கினால் செய்யக் கூடாதவை

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா மகன் கடல்நீர் மீன்தொட்டி வைத்தான். மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 180 லிட்டர். மறுநாள் காலையிலேயே போன்.

"மாமா, தண்ணி கஞ்சி மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஊத்திட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டுமா?"

"எதையும் ஊத்தாதே. ஒரு கண்ணாடி டம்ளர்ல மொண்டு மேசைமேல வை. ராத்திரிக்கு அதைப் பார்த்துட்டுக் கூப்பிடு."

கலங்கல் என்றாலே எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, கைக்கு வந்த வைத்தியத்தைச் செய்வதுதான் முதல் தவறு. டம்ளரில் மொண்ட நீர் ஓரிரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழி. சில மணி நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்தால் மண் தூசி, அல்லது சுண்ணாம்பு. மறுநாளும் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி அப்படியே நின்றால் பாக்டீரியா. மூன்றுக்கும் மூன்று வழி.

அவன் டம்ளர் அடியில் திருநீறு பூசியது போல ஒரு படலம். மண்ணைக் கழுவினாயா என்று கேட்டேன். "பாக்கெட்ல சுத்தமாத்தானே இருந்துச்சு" என்றான். காய்ந்த பவள மணல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். மூட்டைகள் ஒன்றோடொன்று உரசி வந்ததில் அதற்குள் மாவு மாதிரித் தூள் சேர்ந்திருக்கும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேல்நீர் ஓரளவு தெளியும்வரை ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். ஈரமாக, உயிருள்ள பாக்டீரியாவுடன் வரும் மணலுக்கு மட்டும் இந்தக் கழுவல் வேண்டாம். கழுவினால் கொடுத்த காசு சிங்க்கில் போகும்.

அடுத்து, வாளித் தண்ணீரை நேராக மணல்மேல் கொட்டியிருந்தான். ஒரு பீங்கான் தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றியிருந்தால் பாதிக் கலங்கல் எழும்பியிருக்காது. இனி செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: மணலைக் கிளறாமல் இருப்பது, ஃபில்டரில் பஞ்சு வைத்து அதைத் தினமும் மாற்றுவது. இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும்.

சுண்ணாம்புக் கலங்கல் வேறு கதை. உப்பைக் கரைக்கும்போதுதான் இது பெரும்பாலும் நேர்கிறது. வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுகிறார்கள். கொஞ்சம் தண்ணீரில் அவ்வளவு உப்பும் ஒரே நேரத்தில் கரையும்போது, அதிலுள்ள கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைத் தூளாகப் பிரிந்துவிடும். பிரிந்தது மறுபடி கரையாது. தண்ணீரை முழு அளவுக்கு எடுத்துக்கொண்டு, உள்ளே பம்ப் ஓட விட்டு, உப்பைக் கை கையாகத் தூவ வேண்டும். லிட்டருக்கு 36 கிராம் அளவில் ஆரம்பித்து, 25 டிகிரியில் அடர்த்தி 1.025 வரும்வரை சரிபார்த்துக்கொள்ளலாம். முழுதாகக் கரைந்த பிறகுதான் தொட்டிக்கு. பிஎச் குறைவாகக் காட்டுகிறது என்று புதுத் தொட்டியில் அவசரமாக, அதை ஏற்றும் பஃபர் தூளைக் கொட்டுவதிலும் இதே வெள்ளைப் புயல்தான் கிளம்பும். ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் இதுதான் காரணம்.

குமிழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழுக்கை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் புதிதில் சில நாள் அப்படித்தான் கக்கும்.

பாக்டீரியாக் கலங்கலில்தான் அதிகப் பேர் மீனைப் பறிகொடுக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன், பினாங்கு ஜெலுத்தோங் பிளாட்டில் நான் முதல் தொட்டி வைத்தபோது, நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா உண்டாக்க ஒரு பச்சை இறால் போடச் சொன்னார்கள். ஒன்று போட்டால் மெதுவாக நடக்கும், மூன்று போட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது என் கணக்கு. நாலாம் நாள் தண்ணீர் பால். வீட்டில் நாற்றம், மனைவி ஊதுபத்தியை இரண்டிரண்டாகக் கொளுத்த ஆரம்பித்தாள். பயந்துபோய் முழுத் தண்ணீரையும் மாற்றினேன். இரண்டே நாளில் மறுபடியும் பால். கடைசியில் கல்லை நகர்த்திப் பார்த்தால், கூழாய்ப் போன பாதி இறால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரை வெளுக்க வைக்கும் பாக்டீரியா அழுகலைத் தின்பவை. தீனி இருக்கும்வரை அவை திரும்பத் திரும்ப வரும். தண்ணீரை மாற்றுவதால் மட்டும் தீராது. மீனுக்கு விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குபவை வேறு கூட்டம். அவை கல்லிலும் மணலிலும் ஒட்டி மெதுவாகப் பெருகும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் கூட்டத்துக்கு மணிக்கணக்கே போதும்.

இந்தச் சமயத்தில் மீன் விடுவதுதான் பெரிய தவறு. 27 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜன் தாங்கும். அதே சூட்டில் நன்னீருக்கு எட்டுக்குப் பக்கம். கோலாலம்பூர் வீட்டில் மத்தியானம் ஏசி இல்லாவிட்டால் தொட்டி 30 டிகிரியைத் தொட்டுவிடும், ஆக்சிஜன் இன்னும் குறையும். இருப்பதையும் பாக்டீரியா இழுத்துக்கொண்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஏற்கெனவே மீன் விட்டுவிட்டீர்களா? சரி, பம்ப்பை மேற்பரப்பு அலையடிக்கும்படித் திருப்பி வையுங்கள், ஸ்கிம்மரை ஓட விடுங்கள், தீனியை நிறுத்துங்கள், செத்தது எதுவானாலும் எடுத்துவிடுங்கள். அம்மோனியா காட்டினால் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். கடையில் தரும் தெளிவு மருந்தை ஊற்றினால் கண்ணுக்குத் தெரிவது மறையும், அழுகல் அங்கேயே கிடக்கும். ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் வேண்டாம். குளோரின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

பினாங்குக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு ஆசை உண்டு. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, பத்து ஃபிரிங்கி கடற்கரையில் நாலு கேன் பிடித்து வந்தால் என்ன? கரையோர நீரில் சேறும், மழைக்கு ஓடி வந்த சாக்கடையும், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் இருக்கும். கேனில் அடைத்து வைத்தால் அந்த உயிர்கள் செத்து அழுகும், நான் போட்ட மூன்று இறால் மாதிரியே. கடற்கரை மணலும் வேண்டாம். கடை வாசல் ஆர்ஓ இயந்திரத்துத் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் கரைந்த தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் பேனாவை ஒருமுறை முக்கிப் பாருங்கள். சில இயந்திரங்கள் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. தண்ணீர்த் தடைக்குப் பிறகு பழுப்பாக வரும் குழாய் நீரை அன்றைக்குத் தொடவே வேண்டாம்.

மருமகன் தொட்டி நாலாம் நாள் கண்ணாடியாகிவிட்டது. உடனே நீமோ மீன் வாங்கப் புறப்பட்டவனை டெஸ்ட் கிட் வாங்க அனுப்பினேன். அம்மோனியா 1.0 காட்டியது. தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மீனைத் தேட, கல்லையும் மணலையும் காட்டிச் சமாளித்தான். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் ஒரு வாரம் நின்ற பிறகுதான், ஒரு ஜோடி வாங்கி விட்டான்.