சபை ஊழியர்களுக்கு மரியாதை: கமிட்டிக்காரர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

உங்கள் சபையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஆயர் பெயர் உடனே வரும், அப்புறம் உபதேசியார், ஆர்கன் வாசிப்பவர், அலுவலகத்தில் ரசீது போடும் அக்கா, டிரைவர். கோயிலைத் திறந்து பெருக்கி மணி அடிப்பவரை நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கோயில்குட்டியார் என்று சொல்வோமே, அவரும் கழிப்பறை கழுவ வரும் அம்மாவும் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள் என்றால் வேலையை அந்தக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்.

சம்பளத் தேதியை முடிவு செய்யுங்கள். காணிக்கை குறைந்த மாதம், பொருளாளர் வெளியூர், செக்கில் கையெழுத்துப் போட ஆளில்லை என்று எதுவும் காரணம் ஆகக் கூடாது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் 19:13 சொல்வதைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையின் பந்தல்காரருக்கு மறுநாளே பணம் கொடுத்துவிட்டு, கோயில்குட்டியாரை மட்டும் பத்தாம் தேதிவரை அலைய விடும் சபைகள் உண்டு. 'ஊழியம்தானே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று அவரிடம் சொல்பவர் தன் ஆபீஸில் ஒரு நாள் சம்பளம் தாமதமானாலும் சும்மா இருக்க மாட்டார்.

விடுமுறையும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் ஓய்வுநாளான ஞாயிறுதான் இவர்களுக்கு அதிக வேலை, போதாததற்குக் கல்யாணம், அடக்க ஆராதனை, உபவாச ஜெபம் எல்லாம் வரும். வாரத்தில் எந்த நாள் லீவு, அன்று அடக்கம் வந்தால் யார் மணி அடிப்பது, ஈடாக எந்த நாள் கிடைக்கும் என்று எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, யார் வேலை சொல்வது. கமிட்டியில் பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு முதலாளிகள்! ஒருவர் நாற்காலி போடச் சொல்வார், இன்னொருவர் அதை எடுக்கச் சொல்வார், மூன்றாமவர் தன் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கி வரச் சொல்வார். செயலரோ ஆயரோ, ஒருவர் மட்டும் வேலை சொல்லட்டும். சொந்த வீட்டு வேலை கூடவே கூடாது. டயோசீசன், அதாவது பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் நேரத்தில் ஊழியரை உங்கள் அணிக்கு ஆள் பிடிக்க அனுப்பாதீர்கள். அணி தோற்றால் உங்களுக்குப் பதவிதான் போகும், அவருக்கு வேலையே போகும்.

வயதில் மூத்தவரைப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிடும் பழக்கத்தைக் கமிட்டிக்காரர்கள் முதலில் விடுங்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பல இடங்களில் இதற்குப் பின்னால் இருப்பது சாதி. சபைக்குள் அது இல்லை என்று நடிப்பதால் ஒன்றும் மாறாது. அசன விருந்தில் துப்புரவுப் பணியாளரும் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

ஆராதனை நடுவே மைக் கரகரத்தால் சபை முன்னால் திட்ட வேண்டாம், செவ்வாய்க்கிழமை தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். மத்தேயு 18 சொல்வதும் முதலில் தனியாகப் பேசு என்பதுதான்.

ஆனால் ஒரு பெண் ஊழியர் பாலியல் தொந்தரவு என்று வந்து சொன்னால் அதே வசனத்தைக் காட்டி, 'நீயே அவரிடம் தனியாகப் பேசும்மா' என்று அனுப்பிவிடாதீர்கள். அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மூத்த பொறுப்பில் உள்ள பெண் ஊழியர் ஒருவர் தலைமையில், வெளி உறுப்பினரும் உள்ள உள் குழு அமைக்க வேண்டும். ஆள் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி நிலையில் இருப்பவர் மேல் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். சபை மானம் போய்விடும் என்று சொல்லி நாளைக் கடத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றி, ஊழியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஆயர் மாறுதலாகிப் போவார், கமிட்டியும் மாறும், புதிதாக வருபவர்கள் 'இங்கே வழக்கம் என்ன?' என்று கேட்கும்போது அவர் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.