மாதிரி ரயில் இன்ஜின் நகரவில்லையா? எண்ணெய்ப் புட்டியைத் தள்ளி வையுங்கள்

மாதிரி ரயில் ஓட்டப் பழகும் இளைஞர்கள், இன்ஜின் நின்ற உடனே செய்யும் காரியங்களைப் பார்க்கிறேன். நாங்கள் தொடங்கிய காலத்துத் தவறுகளே அப்படியே திரும்பி வருகின்றன. சுவிட்சைப் போட மறப்பது, சக்கரம் தடம் விலகி நிற்பது போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வார்கள். காசைக் கரைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். 1:87 அளவில், 12 வோல்ட் டிசி மின்சாரத்தில், இரண்டு தண்டவாளங்களில் ஓடும் எச்.ஓ. ரயில்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிரிப்பது

பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இருக்காது. அதே இடத்தில் வேறொரு இன்ஜினை வைத்துப் பாருங்கள். அதுவும் நகராவிட்டால் தண்டவாளத்தில் மல்டிமீட்டரை வைத்து மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பாதை பிரியும் இடத்துப் பாயிண்ட் பலவற்றில், எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோமோ அந்தப் பக்கத்துக்கு மட்டுமே மின்சாரம் போகும். மறுபக்கம் நிற்கும் இன்ஜினுக்கு நோய் எதுவுமில்லை.

எண்ணெய் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. அண்மையில் ஒரு தம்பி நல்ல நீராவி இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே பீய்ச்சியிருந்தார். "அடித்ததும் ஓடியது அண்ணா, அப்புறம்தான் நின்றுவிட்டது" என்றார். ஏமாற்றுவதே அந்தச் சிறிது நேர ஓட்டம்தான்.

மோட்டாரின் கம்யூட்டேட்டர், அதாவது தண்டோடு சேர்ந்து சுழன்று கம்பிச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி, செப்புத் துண்டுகளால் ஆனது. துண்டுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளிகள் உண்டு. அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ் தேயத் தேயக் கரித்தூள் உதிரும். அந்தத் தூளோடு எண்ணெய் கலந்தால் கறுப்புக் களிம்பாகி இடைவெளிகளை அடைத்துவிடும். கரி மின்சாரத்தைக் கடத்துமே! துண்டுக்குத் துண்டு மின்சாரம் தாவும், மோட்டார் சூடேறும், டீகோடர் (டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணு அட்டை) இருந்தால் அதுவும் கருகக்கூடும். வழிந்த எண்ணெய் சக்கரம் வழியாகத் தண்டவாளம் முழுவதும் பரவி, மற்ற இன்ஜின்களையும் வழுக்க வைக்கும். சக்கரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஊதித் தளர்ந்து கழன்றுவிடும். பெட்ரோலிய எண்ணெய்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கிலேயே விரிசல் விழச் செய்யும்.

அந்தத் தம்பியின் இன்ஜினில் உண்மையில் இருந்தது காய்ந்து இறுகிய பழைய கிரீஸ். பல ஆண்டுகள் பெட்டியிலேயே கிடந்த இன்ஜின்களில் இது சகஜம். இறுகிய கிரீஸைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன்மேல் எண்ணெய் விட்டு என்ன பயன்? பல்சக்கரங்களைத் துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத கிரீஸைத் துளியளவு தடவினால் போதும். மோட்டார் தண்டின் இரு முனைகளிலும் ஊசி நுனியில் எடுத்த மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். கம்யூட்டேட்டருக்கு எண்ணெயே ஆகாது. ஏற்கெனவே பட்டுவிட்டதா? ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, இடைவெளிகளைப் பல்குத்தும் மரக்குச்சியால் மெல்லத் துப்புரவு செய்து, நன்றாக உலர விடுங்கள்.

மணல்தாளால் தண்டவாளத்தைத் தேய்ப்பது

வேண்டவே வேண்டாம். கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

விரலால் தள்ளிவிடுவது

இன்ஜின்கள் பலவற்றில் மோட்டார் தண்டிலிருந்து வார்ம் கியர் (திருகு போன்ற பல்லமைப்பு) வழியாகத்தான் சக்கரம் சுழல்கிறது. அந்தக் கியர் மோட்டார் பக்கத்திலிருந்து மட்டுமே சுற்றும். நீங்கள் தள்ளினால் சக்கரம் உருளாது, தேயும். சக்கரத்தைப் பிடித்து முறுக்கினால் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் விரிசல் விழும்.

முனகும் மோட்டாருக்கு முழு வேகம் கொடுப்பது

உடனே அணையுங்கள். சுற்றாத மோட்டாரின் கம்பிச் சுருள் வெந்துவிடும்.

டீகோடரை மறந்து பேட்டரி வைப்பது

மோட்டாரைச் சோதிக்க 9 வோல்ட் பேட்டரி நல்ல வழிதான். ஆனால் டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டும் முறை) டீகோடர் பொருத்திய இன்ஜினில், மோட்டார் கம்பிகளை டீகோடரிலிருந்து கழற்றாமல் பேட்டரியை நேராக மோட்டாரில் வைத்தால் டீகோடர் போய்விடும். கழற்றிய பிறகு மோட்டார் சுற்றினால், அடுத்துப் பார்க்க வேண்டியது முகவரி எண், அதாவது கட்டுப்பாட்டுக் கருவி அந்த இன்ஜினை அழைக்கும் எண். புது டீகோடர்கள் வழக்கமாக 3 என்ற எண்ணோடு வரும். பழைய இன்ஜினை வாங்கியிருந்தால், முன்பு வைத்திருந்தவர் அதை மாற்றியிருக்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியில் அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.