வேம்பயர் படம் பாக்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

வெயில் பட்டா வேம்பயர் செத்துடும், அது ஆதிகாலத்துல இருந்தே இருக்குற விதின்னு நிறைய பேர் அடிச்சு சொல்றாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், அப்புறம் பிராம் ஸ்டோக்கரோட 1897 நாவலை உக்காந்து படிச்சா அதுல வர்ற வேம்பயர் டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் பிக்காடிலில நிக்குறான்! பகல்ல அவனோட சக்தி குறையும், அவ்ளோதான். வெயில்ல அழிஞ்சு போறதை சினிமால பெருசா கொண்டுவந்தது 1922ல முர்னாவ் ஜெர்மனில எடுத்த நோஸ்ஃபெராட்டு. விடியுற வரைக்கும் ஒரு பொண்ணு அவனை தன் ரூம்லயே பிடிச்சு வெச்சிருக்கா, சேவல் கூவுது, வெளிச்சம் படுது, ஆள் புகையா போயிடுறான். நாவலோட உரிமையை வாங்காம எடுத்த படம் அது, ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டு பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவே வாங்கிட்டாங்க, அப்படியும் சில பிரதிகள் தப்பிச்சுது, அதோட இந்த வெயில் விஷயமும் பொழைச்சு இன்னிக்கு பாதி படத்துல இருக்கு. அதனால ஒரு படத்துல வேம்பயர் பகல்ல நடமாடினா உடனே "லாஜிக் மிஸ்டேக்"னு சொல்லாதீங்க.

விதி சரியா இருக்கான்னு செக் பண்றதை விட, அந்த விதி அந்த ஜீவனோட வாழ்க்கையை என்ன பண்ணுதுன்னு பாருங்க. வீட்டுல இருக்குறவங்க கூப்பிடாம வேம்பயர் உள்ள வரக்கூடாதுங்கிறது பல படத்துல சும்மா ஒரு கண்டிஷன் தான். 2008ல வந்த சுவீடன் படம் லெட் தி ரைட் ஒன் இன் பாருங்க, அதுல ஒரு பையன் தன்னோட வேம்பயர் ஃப்ரெண்ட் ஏலியை வேணும்னே கூப்பிடாம நிக்குறான், என்னதான் ஆகும்னு பாக்குறதுக்காக. ஏலி உள்ள வந்து நிக்குது, கொஞ்ச நேரத்துல தலை, கண்ணுன்னு உடம்பெல்லாம் ரத்தம் கசிய ஆரம்பிக்குது, அவன் பதறிப்போய் கட்டிப்பிடிச்சுக்குறான். அடுத்தவங்க "வா"ன்னு சொன்னா தான் ஒரு வாசப்படியைத் தாண்ட முடியும்ங்கிறது எவ்ளோ பெரிய தனிமைன்னு எனக்கு அந்த சீன்ல தான் உறைச்சுது.

சாகாம இருக்குறதை வரம்னு எடுத்துக்குறதும் தப்பு தான். 1994ல வந்த இன்டர்வியூ வித் தி வேம்பயர்ல கிளாடியா சின்ன வயசுலயே வேம்பயர் ஆகிடுறா, வருஷக்கணக்கா மனசு மட்டும் வளருது, உடம்பு வளரல, கோவத்துல முடியை வெட்டி எறியுறா, அது உடனே பழையபடி வளர்ந்து நிக்குது. கத்துறா. அந்தக் கத்தல்ல பயமுறுத்துற விஷயம் எதுவும் இல்ல, முழுக்க துக்கம் தான்.

அப்புறம் வேம்பயர்னாலே கோட்டை, கருப்பு அங்கி, பிரபுன்னு நினைக்கிறது. அந்த பிரபு வேஷம் 1819ல பொலிடோரி எழுதின கதைல இருந்து பிரபலமானது, அதுக்கு முன்னாடி 1700கள்ல செர்பியா பக்கம் ஊர்க்காரங்க வேம்பயர்னு பயந்து தோண்டி எடுத்ததெல்லாம் சாதாரண கிராமத்து ஆளுங்களோட பொணம். கேத்ரின் பிகலோவோட 1987 படம் நியர் டார்க்ல கோட்டையே கிடையாது, ஒரு கும்பல் வண்டி ஜன்னலை மறைச்சுக்கிட்டு ஊர் ஊரா ஓடிட்டு இருக்கு, வேம்பயர்ங்கிற வார்த்தையைக் கூட யாரும் சொல்றதில்ல. எனக்கு அந்தக் கும்பல் தான் எந்த பிரபுவை விடவும் நிஜமா தெரியுது.

டிராகுலானா ருமேனியாவோட விளாத் மன்னனேதான்னு சொல்றதையும் விடுங்க, ஸ்டோக்கர் முக்கியமா எடுத்துக்கிட்டது பேரைத்தான், அவர் அந்த நாட்டுக்குப் போனதே இல்ல.

கடைசியா ஒண்ணு. தமிழ்ல எழுதுறப்ப கை தன்னால ரத்தக்காட்டேரின்னு போட்டுடும். காட்டேரி நம்ம ஊர்ல ஜனங்க பயந்துக்கிட்டே படையல் போட்டு கும்பிடுற தெய்வம், சில குடும்பங்களுக்கு குலதெய்வம். வேம்பயர் செத்துப்போய் எழுந்து வந்த மனுஷன். ரெண்டும் வேற, வேம்பயர்னே எழுதுங்க.