பகலெல்லாம் அசதியா? பரிசோதனைக்கு ஓடும் முன் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள்

புதன்கிழமைத் தாளில் ராகு காலம் 1.30 முதல் 3 வரை என்று இருந்தது. புதனுக்கு 12 முதல் 1.30 என்பது சிவகாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் தினசரி காலண்டருக்கு மெய்ப்புப் பார்ப்பவள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு. தாளின் மூலையில் ‘சரி’ என்று எழுதி என் கையெழுத்து இருந்தது. போட்ட நினைவுதான் இல்லை. பிளேட் போடப் போகும் நேரத்தில் ஃபோர்மேன் அண்ணாச்சி கண்ணில் பட்டதால் தப்பித்தேன். அவர் திட்டவில்லை. “உடம்புக்கு என்னம்மா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் நாலு மாதம் வீண். இரண்டரை மாதம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டானிக்கில் போனது; மீதி எப்படிப் போனது என்பதைக் கீழே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகும்போது கையில் எதைக் கொண்டுபோக வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களும் உண்டு. நெஞ்சு வலி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது, மலம் தார் போலக் கறுத்துப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது. இதில் ஒன்று இருந்தாலும் நோட்டெல்லாம் வேண்டாம்.

படி 1: தூக்கமா, அசதியா?

இரண்டையும் நாம் ‘டயர்டாக இருக்கிறது’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். டாக்டருக்கு அவை இரண்டு வெவ்வேறு பாதைகள். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பாயும் தலையணையும் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்களா? அப்படியென்றால் தூக்கம். படுத்தாலும் கண் விழித்தபடி கிடந்து, எழும்போதும் அதே கனத்தோடு எழுவீர்களா? அது அசதி.

இதை எண்ணில் அளக்க எப்வொர்த் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. மெல்போர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, சாப்பிட்ட பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று பொருள். ஒரு கேள்வி, காரில் ஒரு மணி நேரம் பயணியாகப் போவதைப் பற்றியது. எனக்குக் கார் கிடையாது. மதுரை பஸ்ஸை நினைத்துக்கொண்டு போட்டேன்.

எனக்கு 7 வந்தது. அதாவது நான் தூங்கி விழவில்லை. கண் எழுத்தின்மேல் ஓடும், மனதில் ஏறாது. சாயங்காலம் மாடிப்படி மலையாகத் தெரியும். விளையாட்டுக்கு என் வீட்டுக்காரரையும் போடச் சொன்னேன். அவருக்கு 15. அந்தக் கதை கடைசியில்.

படி 2: நோட்டு, இரண்டு வாரம்

கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் அலுவலகத் தம்பி ஒருவரின் ஸ்மார்ட் வாட்ச், அவர் சோபாவில் அசையாமல் சீரியல் பார்த்ததைத் தூக்கம் என்று கணக்குக் காட்டியது. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்று அது சொல்வதெல்லாம் உத்தேசம்தான். நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், டீ காபி குடித்த நேரம், விழுங்கிய மாத்திரை, பெண்களானால் மாதவிலக்கு நாட்கள். பிறகு காலை 11, மாலை 3, இரவு 7 ஆகிய மூன்று வேளைக்கும் உடம்புக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். அவ்வளவே. ‘மனநிலை’ என்று நாலு வரி எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள்.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் கொஞ்சம் மந்தமாவது உடம்புக் கடிகாரத்தின் இயல்பு, சாப்பிடாவிட்டாலும் வரும். அந்த ஒரு வேளை மட்டும் மதிப்பெண் இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு மூன்று வேளையும் 4தான்.

நோட்டு காட்டிக்கொடுத்தவை: ஒரு நாளைக்கு ஆறு டீ, கடைசி டீ மாலை ஏழரைக்கு. காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆடி 18க்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர் குவியும் காலம் அது. தூக்கம் ஐந்தே முக்கால் மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதோடு, தூசிக்குத் தும்மல் வந்தால் போடும் செட்ரிசின் மாத்திரை. அது தூக்கம் தரும் என்பது அட்டையிலேயே இருக்கிறது. நான் படித்ததே இல்லை.

இந்த மூன்றையும் திருத்தி இன்னொரு இரண்டு வாரம் எழுதினேன். நாலு ஐந்தானது. பலருக்கு இங்கேயே எட்டு, ஒன்பது வந்துவிடும்; அவர்கள் மேலே படிக்க வேண்டியதில்லை.

படி 3: ரத்தம். நான் வழுக்கி விழுந்த இடம்

‘முழு உடல் பரிசோதனை, 72 சோதனைகள்’ என்ற விளம்பரத்தைத் தாண்டிப் போங்கள். நோட்டைக் காட்டி டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரு கை விரலுக்குள் அடங்கும். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை. சிறுநீரகம், ஈரல் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தால் அவரே சேர்ப்பார்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் இருந்தது. ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. “நார்மல்தான், நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று முன்பு பார்த்த இடத்தில் அனுப்பிவிட்டார்கள். நானும் தாளில் தடித்த எழுத்து எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மடித்து வைத்துவிட்டேன்.

பிழைப்புக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் செய்கிற வேலையா இது? மூலப்படியோடு ஒப்பிடாமல் யாராவது மெய்ப்புப் பார்ப்பார்களா? பீரோவில் பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. மூன்றையும் மேசையில் வரிசையாக விரித்து, ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினேன். ஹீமோகுளோபின் 13.1, 12.6, 12.2. அதற்குக் கீழே, சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. என்ற வரி: 88, 84, 81. அதன் இயல்பு எல்லை 80 முதல் 100 வரை. மூன்று தாளும் தனித்தனியே சரி. அடுத்தடுத்து வைத்தால் சரிவு.

ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் கணக்கு. எனக்கு 8. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 30க்குக் கீழேயே கவனிக்கும் டாக்டர்களும் உண்டு. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயிலும் வருகிறது, கிணறு மட்டும் வற்றிவிட்டது. அதுதான் என் நிலைமை. ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அது ஹீமோகுளோபினை வைத்து எடுத்த கணக்கு, 12.2 வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் அதில் வரமாட்டோம்.

காய்ச்சல் அடித்த கையோடு இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

எண் கிடைத்ததும் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. இரும்புச்சத்து எங்கே போகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, மாதவிலக்கு எட்டு நாள் என்று வரிசையாக இருந்ததில் விரல் வைத்தார். எங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான். அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சிறு கட்டி தெரிந்தது. அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது. ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டானிக்கால் மூடி வைக்கிற சமாச்சாரம் இல்லை அது.

படி 4: மாத்திரையும் டீயும்

வீணாய்ப் போன மீதி நாட்கள் இங்கேதான். ஆறு வாரம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஃபெரிட்டின் 8லிருந்து 11. இட்லி சாப்பிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, சூடான டீயால் விழுங்கிக்கொண்டிருந்தேன்! டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடல் உறிஞ்ச விடாது. காபியும் அப்படித்தான். பாலின் கால்சியமும் தடுக்கும்.

இப்போது என் முறை: எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, கூடவே அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டீ. வயிறு புரட்டினால் கொஞ்சம் சாப்பாட்டோடு போடலாம். மலம் கறுப்பாகும், மாத்திரையால் வருவது அது, பயம் வேண்டாம். நாள் விட்டு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக ஏறும் என்கிறார்கள். ஒரு மாத்திரைக்குப் பிறகு உடம்பில் இரும்பு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி மறுநாள் கதவை மூடிவிடுமாம். இதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பேரீச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு கிராமில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புதான். பெண்களுக்கு ஒரு நாள் தேவை 29 மில்லிகிராம் என்பது 2020இல் ஐ.சி.எம்.ஆர். சொன்ன கணக்கு. கறிக்கடையில் ஈரல், சுவரொட்டி கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் வற்றிய கிணற்றைச் சாப்பாடு மட்டும் நிரப்பாது.

முறையை மாற்றிய நாலாவது வாரம் ஒருநாள் துணி மூட்டையோடு மாடிக்குப் போய், கொடியில் கை வைத்த பிறகுதான் நடுவில் நிற்கவில்லை என்பது உறைத்தது. மூன்றாம் மாதம் ஃபெரிட்டின் 34. நோட்டில் 7, 8.

பின்சேர்க்கை

எழுதிய பிறகு வாசகர்கள் சொன்ன சிக்கல்கள்.

தைராய்டு மாத்திரை போடும் ஒருவர், இரும்பு மாத்திரையையும் அதே வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டு, டி.எஸ்.எச். ஏறிப்போய்த் திகைத்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பை மாலைக்குத் தள்ளுங்கள்.

முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.எச். தப்பாகக் குறைந்து காட்டலாம். சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இன்னொருவர் ஒரு மாதம் பி காம்ப்ளக்ஸ் போட்டுவிட்டுப் போய் பி12 பார்த்திருக்கிறார். நன்றாக இருக்காமல் என்ன செய்யும்? முதலில் சோதனை, பிறகு மாத்திரை. சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்கள் இதை விடக் கூடாது. 200க்குக் கீழே குறைவு; 200க்கும் 300க்கும் இடையே சந்தேகம்.

எல்லா எண்ணும் சரி, ஆனால் எதிலும் பிடிப்பில்லை, விடிந்தாலே வெறுப்பாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். மனச்சோர்வும் உடம்பில் இப்படித்தான் வரும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி என் வீட்டுக்காரர். குறட்டை விடுவதில்லை என்று பதினெட்டு வருடமாகச் சாதிக்கும் மனிதர். ஒருநாள் ராத்திரி தலைமாட்டில் போனை வைத்துப் பதிவு செய்தேன். குறட்டை, குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: 22 விநாடி. அதன் பிறகு தண்ணீரிலிருந்து தலை தூக்குகிறவர் போல ஒரு இழுப்பு. காலையில் போட்டுக் காட்டியதும் வாதாடவில்லை. டேப்பை வைத்துக் கழுத்தை அளந்தால் 43 சென்டிமீட்டர்; 40ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. இரவு முழுக்கச் செய்த தூக்கச் சோதனையில் மணிக்கு 32 தடவை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 30ஐத் தொட்டாலே கடுமை என்கிறார்கள். இப்போது சிபாப் என்ற காற்றுக் கருவியை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார். எப்வொர்த் 6க்கு இறங்கிவிட்டது. கருவி வந்த முதல் ராத்திரி, வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தேன்.