அவுன்ஸும் கப்பும்: களி கிண்டப் போகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் ஆட்களுக்கு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுப்படியில் முதல் வாரமே தடுக்கிவிடும் ஒன்றை நான் சொல்கிறேன். அவுன்ஸ்.

வந்த புதிதில் களிக்கு நாக்கு ஏங்கியது. பென்னாகரத்தில் இருக்கும் அம்மாவைப் போனில் கேட்டேன். "ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி வை. கொதி வந்ததும் மாவைக் கொட்டு. உடனே கிண்டிடாதே கண்ணு, கொஞ்சம் வேகட்டும்" என்றார். ஒரு கப் என்றால் எட்டு அவுன்ஸ் என்று எங்கோ படித்திருந்தேன். எடை மெஷினில் எட்டு அவுன்ஸ் கேழ்வரகு மாவை நிறுத்து எடுத்தேன். தண்ணீரை மட்டும் அளவுக் கப்பில் இரண்டு கப் ஊற்றினேன். மாவு அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டது, களி கிண்டும் கட்டை உள்ளே இறங்கவே இல்லை. கட்டியை உடைத்தால் நடுவில் வேகாத மாவு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊரில் அரைத்துக் கொண்டுவந்த மாவு. குப்பையில் போடும்போது கண் கலங்கிவிட்டது.

அவுன்ஸ் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று எடை: 28.35 கிராம். அப்படி 16 சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். இன்னொன்று திரவ அவுன்ஸ்: கிட்டத்தட்ட 29.6 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்கிற மாதிரி, எட்டு திரவ அவுன்ஸ் ஒரு கப், 237 மில்லி. தண்ணீர், பால், மோர் என்றால் இரண்டு அவுன்ஸும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்துவிடும். மாவுக்கு அப்படி வராது. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடையா இருக்கும்?

ஒரு கப் மைதா சுமார் 120 கிராம், நாலேகால் அவுன்ஸ்தான். கேழ்வரகு மாவும் அதைச் சுற்றித்தான் வரும். சர்க்கரை ஒரு கப் 200 கிராம், ஏழு அவுன்ஸ். அப்படியானால் நான் அன்றைக்குப் போட்டது கிட்டத்தட்ட இரண்டு கப் மாவு! மாவைக் கப்பால் அழுத்தி அள்ளினால் இந்தக் கணக்கும் ஏறிவிடும். கரண்டியால் தூவி நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிடுங்கள்.

பாக்கெட்டில் அவுன்ஸைச் சுருக்கி 'ஓஇசட்' (oz) என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் எடை. அதற்கு முன்னால் 'எஃப்எல்' (fl) என்றும் இருந்தால் திரவம். இந்தியக் கடையில் மாம்பழக் கூழ் டின்னை எடுத்துப் பாருங்கள், நம்ம ஊர்ப் பழமாகக்கூட இருக்கும். 850 கிராம், 30 அவுன்ஸ் என்று போட்டிருப்பார்கள். எட்டால் வகுத்து மூன்றே முக்கால் கப் என்று நினைத்துவிடாதீர்கள். கூழ் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், மூன்றரை கப்பை ஒட்டித்தான் இருக்கும். வெண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு குச்சி நாலு அவுன்ஸ், 113 கிராம், அரை கப். உறையிலேயே கோடு போட்டிருக்கும்.

அப்புறம், ரைஸ் குக்கரோடு வரும் கப். அது பெரும்பாலும் 180 மில்லிதான், இங்கத்திய கப்பில் முக்கால். அரிசியை அதில் அளந்து தண்ணீரைப் பெரிய கப்பில் ஊற்றினால் சோறு குழைந்துவிடும். கரண்டிக் கணக்கு சுலபம்: மூன்று டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன், பதினாறு டேபிள்ஸ்பூன் ஒரு கப்.

கேக், ரொட்டி என்று இங்கத்திய குறிப்பைப் பார்த்துச் செய்தால் எடை மெஷின் நல்லது. பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, கிராமிலேயே நிறுங்கள். களிக்கும் சோற்றுக்கும் இட்லி மாவுக்கும் எந்த மாற்றலும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளந்தால் போதும், டம்ளர் எந்த அளவானாலும் சரி.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா அளக்கும் எவர்சில்வர் டம்ளரையே கேட்டு வாங்கி வந்தேன். அதில் தண்ணீர் நிரப்பி இங்கத்திய கப்பில் ஊற்றிப் பார்த்தேன், முக்கால் கப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இப்போது அது மாவு டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது.