காசிமேட்டிலிருந்து தூண்டில்: முதல் தடவை படகேறுகிறவர்களுக்கு

அலாஸ்காவில் சால்மனுக்கு இரையை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஹாலிபட்டுக்கு ஈயத்தைத் தரைவரை இறக்குவார்கள். காசிமேட்டுக் கடலிலும் இந்த இரண்டு வேலைதான். மீன்தான் வேறு: மேல்தண்ணியில் வஞ்சிரம், தரையில் கலவா, சங்கரா.

முந்தின நாளே இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) தரும் அலை உயர முன்னறிவிப்பைப் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் என்றால் முதல் பயணத்தைத் தள்ளிப்போடலாம். கடல் மயக்க மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போடுங்கள். வாந்தி வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிவிடுங்கள்.

அடுத்தது டிராக், அதாவது நரம்பு கழலுவதை இழுத்துப் பிடிக்கும் ரீலின் பிரேக். புதியவர்கள் மீனை விடுவது பெரும்பாலும் இங்கேதான். 14 கிலோ தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்) என்றால், நுனியைத் தூக்குத் தராசில் மாட்டி, ராடை வளைத்து இழுங்கள். தராசு 4 கிலோ காட்டும்போது ரீலிலிருந்து நரம்பு கழல ஆரம்பிக்க வேண்டும். மீன் ஓடும்போது பயந்துபோய் இதை இறுக்காதீர்கள். நரம்பு குறையக் குறைய ரீலின் சுற்றளவு சிறுத்து, இழுவை தானாகவே கூடும். அதற்கு மேல் இறுக்கினால் பட்டென்று அறுந்துவிடும்.

வஞ்சிரத்துக்கு முழுக் கானாங்கத்தை நல்ல இரை. பல் நரம்பை வெட்டும் என்பதால் கடைசி 40 செ.மீ. ஸ்டீல் கம்பி. ஒரு தூண்டில் முள்ளை இரையின் இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தி, இன்னொன்றை வால் பக்கம் மாட்டுங்கள். வஞ்சிரம் முதலில் வாலைத்தான் நறுக்கும். ஒற்றை முள் என்றால் தலை மட்டும் திரும்பி வரும். படகுக்குப் பின்னால் 30 மீட்டர் விட்டு, மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் இழுங்கள். இரை நேராக நீந்த வேண்டும். சுழன்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். எடுத்து, உதட்டு முள்ளை நடுவில் மாற்றிக் குத்துங்கள்.

மீன் பிடித்ததும் ரீல் கத்தும், கை தன்னால் சுற்றப் போகும். "சுத்தாத தம்பி, ஓட வுடு" என்று படகுக்கார அண்ணன் அதட்டுவார், கேளுங்கள். ஓட்டம் நின்றபின் ராடை மெதுவாகத் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள். இறக்கும்போது நரம்பு தொய்ந்தால் முள் கழன்றுவிடும். படகோரம் வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கொக்கி போடுவது, அதாவது கம்பில் மாட்டிய கொக்கியால் மீனைக் குத்தித் தூக்குவது, அண்ணன் வேலை.

தரைத் தூண்டில் எளிது. 250 கிராம் ஈயம், வட்ட முள், கடம்பாத் துண்டு. ஈயம் தரை தட்டியதும் ஒரு மீட்டர் தூக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டும். வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கும் பழக்கம் ஆகாது. கனம் தெரிந்ததும் சீராகச் சுற்றினால் போதும், வாயோரத்தில் தானே ஏறும்.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) மாட்டினால் கொக்கி போடாதீர்கள். அது சட்டம் காக்கும் உயிர். பக்கத்தில் கொண்டுவந்து, முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிடுங்கள்.

வஞ்சிரத்தின் வாயில் கை வைக்காதீர்கள், செத்தபிறகும் அந்தப் பல் வெட்டும். முள்ளை எடுக்கக் குறடு. செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு உடனே பெட்டியில் போடுங்கள்: 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், மேலே கொஞ்சம் கடல் தண்ணி. வெயிலில் கிடந்த வஞ்சிரத்திலும் சூரையிலும் ஹிஸ்டமின் என்ற நச்சு சேர்ந்துவிட்டால், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் போகாது.