பாலைப் புதர் எந்த ஆழத்து நீரைக் குடிக்கிறது? கண்டறியும் முறை

மழை பெய்தது, புதர் தளிர்த்தது என்பதை மட்டும் வைத்து, அந்த மழையைத்தான் புதர் குடித்தது என்று முடிவுகட்ட முடியாது. மேல்மண் நனைந்திருக்கும்போதே, செடி போன குளிர்காலத்து நீரை ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சிவாவா பாலையின் ஹொர்னாடா பகுதியில் வளரும் கிரியோசோட் புதரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டு மழை சுமார் 245 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடும். கோடை மழையில் ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை; இப்படி எடையில் வேறுபடும் வகைகளே ஐசோடோப்புகள்) கூடுதலாகவும், குளிர்கால மழையில் குறைவாகவும் இருக்கும். குளிரில் ஆவியாவது குறைவு என்பதால் அந்த நீர்தான் ஆழமாக இறங்குகிறது. இந்த வேறுபாடே நமக்குப் பிடி: தண்டிலுள்ள நீரை ஒவ்வொரு ஆழத்து மண்நீரோடும் ஒப்பிட்டால், செடி எங்கிருந்து குடித்தது என்பது தெரியும்.

முதலில் ஒவ்வொரு மழையையும் தனித்தனியே அளந்து, மாதிரி எடுங்கள். சேகரிக்கும் குப்பியில் 1 செ.மீ. கனத்துக்குத் திரவப் பாரஃபின் ஊற்றிவையுங்கள். இல்லாவிட்டால் நீர் ஆவியாகி அளவீடு பொய்க்கும். காய்ந்த மணற்பாங்கான மண்ணில் 1 மி.மீ. மழை ஏறக்குறைய 1 செ.மீ. நனைக்கும். 5 மி.மீ. தூறல் பெரும்பாலும் வேருக்கு எட்டுமுன்பே ஆவியாகிவிடும். ஆகவே 20 மி.மீ.க்கு மேற்பட்ட மழையைத் தேர்ந்தெடுங்கள்.

மழைக்கு முன்பும், பிறகு 1, 3, 7, 14ஆம் நாட்களிலும் மண் எடுக்க வேண்டும். ஆழங்கள்: 0–10, 10–20, 20–40, 40–60, 60–100 செ.மீ. மழைநீர் தண்டு வழியே வழிந்து அடியில் சேர்வதால், புதருக்கடியில் ஒரு குழி, வெட்டவெளியில் ஒரு குழி கட்டாயம். பல இடங்களில் சுக்கான்பாறை துளைப்பானைத் தடுக்கும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். துளைப்பான் இறங்கும் இடமாகத் தேடித் தேடித் துளைத்தால், பாறை விரிசலில் நீர் இறங்கும் இடங்கள் மட்டுமே கணக்கில் வரும்.

ஒவ்வொரு மண்ணிலும் ஒரு பங்கை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடைபோடுங்கள். ஈரம் எடையில் 6%, மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராம் என்றால் கன அளவில் 9%, 20 செ.மீ. அடுக்கில் 18 மி.மீ. நீர். இன்னொரு பங்கு ஐசோடோப்புக்கு.

அதே நாள் நண்பகலில் தண்டு வெட்டுங்கள். பென்சில் பருமனுள்ள பழுப்புத் தண்டில் 5 செ.மீ. போதும். பச்சைக் கிளை வேண்டாம். இலைப்பக்கம் ஆவியாகிக் கனத்த நீர் அதில் கலந்திருக்கும். பட்டையைக் கட்டை தெரிய உரித்து, உடனே கண்ணாடிக் குப்பியில் நெருக்கி அடைத்து, மூடிமேல் பாரஃபின் நாடா சுற்றுங்கள். பனிப்பெட்டியில் கொண்டுபோய் மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள்.

வெற்றிடத்தில் நீரைப் பிரித்தெடுத்தபின் தண்டை உலர்த்தி எடை பாருங்கள். தண்டிலிருந்த நீரில் 98 சதவீதத்துக்குக் குறைவாக வந்திருந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள். கனமான நீரே கடைசியில் தங்கும். கிரியோசோட்டில் பிசின் அதிகம், அதன் கரிமப் பொருள்கள் ஐசோடோப்பை அளக்கும் லேசர் கருவியை ஏமாற்றும். எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியே நம்பகம். டியூட்டீரியத்தை (கனமான ஹைட்ரஜனை) மட்டும் நம்பாதீர்கள்: வறண்ட நிலச் செடிகள் பலவற்றில் வேர் உறிஞ்சும்போதே அது சற்றுக் குறைந்துவிடுகிறது.

கணக்கு எளிது. ஆக்சிஜன்-18 அளவை, கடல்நீர்த் தரத்தைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்று குறிப்பார்கள். அது மேல்மண்ணில் −4, ஆழத்தில் −10, தண்டில் −8.5 என்று வைத்துக்கொள்வோம். தண்டுக்கும் ஆழத்துக்கும் வேறுபாடு 1.5, மேல்மண்ணுக்கும் ஆழத்துக்கும் 6. 1.5ஐ 6ஆல் வகுத்தால் 25%. மேல்மண்ணின் பங்கு அவ்வளவே.

விடியுமுன் அழுத்தக் கலனில் இலைக்கொம்பின் நீரழுத்தத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். பயிர்களுக்கான −1.5 மெகாபாஸ்கல் வாடல் எல்லை இங்கே செல்லாது. கிரியோசோட் அதற்கும் வெகு கீழே இயங்கும்.

பக்கத்திலேயே நிற்கும் மெஸ்கீட்டையும் (நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு) சேர்த்தால், அதன் வேர் மிக ஆழமாகப் போகும் என்பதால் கிணற்று நீரையும் மாதிரியாக எடுக்க வேண்டும். மூலம் மூன்றாகிவிட்டால் ஒரே ஐசோடோப்பை வைத்துப் பங்கு பிரிக்க முடியாது.